அரைப் பங்கு

குன்னூர்,
16 நவம்பர்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது.

நலம், நலமறிய ஆவல். இங்கே பத்து நாளாக மழை விடவில்லை. ஹில்குரோவ் பக்கம் பாறை விழுந்து மேட்டுப்பாளையம் ரயில் நின்றுபோயிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல. நீ கடைசியாகப் பேசிப் பதினெட்டு நாள் ஆகிறது. எண்ணிக்கொண்டிருந்து சொல்லவில்லை, அன்றுதான் கேஸ் சிலிண்டர் வந்தது என்பதால் தேதி நினைவில் இருக்கிறது. அன்று நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்துவிட்டது. மழைக்காலத்தில் இங்கே சிக்னல் அப்படித்தான் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். விட்ட இடத்திலிருந்து இதில் தொடர்கிறேன்.

டிசம்பர் விடுமுறையில் நீங்கள் நால்வரும் சிங்கப்பூரில் கப்பலேறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு, நான்கு இரவு கழித்துத் திரும்புகிறீர்கள். டிக்கெட்டுக்குக் கட்டிய பணம் போக, ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 அமெரிக்க டாலர் வீதம் ‘கிராஜுவிட்டி’ என்று, அதாவது கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸாக, உங்கள் அறைக் கணக்கில் தானாகவே ஏறும், குட்டிக்கும் உண்டு. வேண்டாமென்றால் கப்பலிலேயே வரவேற்புக் கவுண்டருக்குப் போய் அதை எடுக்கச் சொல்லலாம். எடுத்துவிட்டு, நம்மைக் கவனித்தவர்கள் கையில் நாமே கொடுத்தால் போதாதா என்பது மாப்பிள்ளையின் எண்ணம். ‘அப்பாவுக்குத்தான் இதெல்லாம் தெரியும், அவரையே கேட்போம்’ என்று நீ சொன்னாய். அந்த ஒரு வாக்கியத்தை அன்று இரவு நான் பலமுறை நினைத்துக்கொண்டேன். முப்பத்து நான்கு வருடம் ஒரே ஹோட்டலில் அறை அறையாக வெந்நீரும் விறகும் சுமந்தவனிடம், கப்பலேறப் போகிற மகள் யோசனை கேட்கிறாள் என்றால் அது சின்ன விஷயமா?

ஆனால் ஸ்பீக்கரில் போட்டிருந்தது எனக்குத் தெரியாது, பாப்பா. தெரிந்திருந்தால் ‘நான் ரூம் பாயாக இருந்த காலத்தில்’ என்று ஆரம்பித்திருக்க மாட்டேன். உன் கல்யாணப் பத்திரிகையில் ‘ஹோட்டல் சூப்பர்வைசர் (ஓய்வு)’ என்று அச்சிட்டபோதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி ஆறு வருடம் மற்ற ரூம் பாய்களை மேற்பார்த்தவன்தானே, அதில் பொய்யும் இல்லை. சரி, அது போகட்டும்.

என் பதில் இதுதான்: அந்த 18 டாலரை எடுக்கச் சொல்லாதே.

நால்வருக்கும் நான்கு இரவுக்கு 288 டாலர், நம் பணத்தில் 25,000 ரூபாயை ஒட்டி வரும். சிறிய தொகை இல்லை. ஆகவே மாப்பிள்ளை யோசிப்பதைக் கஞ்சத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இதை டிக்கெட்டுக்கு மேல் விழுந்த தண்டமாக நினைக்காமல், டிக்கெட்டிலேயே ஒரு துண்டைக் கத்தரித்துத் தனியே வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளச் சொல். இங்கிலாந்தில் பி அண்ட் ஓ கப்பல் கம்பெனி 2019 மே மாதத்திலிருந்து இந்தத் தனிக் கட்டணத்தையே விட்டுவிட்டு எல்லாவற்றையும் டிக்கெட் விலைக்குள் அடக்கிவிட்டது. மற்றக் கம்பெனிகள் தனியே வைத்திருப்பது, விளம்பரத்தில் டிக்கெட் விலை மலிவாகத் தெரியட்டும் என்பதற்காகத்தான் என்பது என் அபிப்பிராயம். சீசனில் நம் ஊர் லாட்ஜுகள் அறைக்கு ஒரு விலை சொல்லிவிட்டு, வெந்நீருக்குத் தனி, கணப்பு விறகுக்குத் தனி என்று போடுகிறார்களே, அந்த வித்தைதான்.

பெட்ஃபோர்டு டெய்லர் வீட்டுப் பையன், கேட்டரிங் படித்துக் கப்பலுக்குப் போனவன், இப்போது விடுப்பில் வந்திருக்கிறான். உனக்காக அவனை வீட்டுக்கு அழைத்து, வர்க்கியும் டீயும் கொடுத்து, ஒரு மணி நேரம் விசாரித்தேன். அறைகளைக் கவனிக்கிற வேலை அவனுக்கு. பதினைந்துக்கு மேற்பட்ட அறைகள்; காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. எட்டு மாத ஒப்பந்தம் முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அவனுக்குக் கிடையாது. கப்பல் தொழிலாளர்களுக்கென்று ஒரு சர்வதேச ஒப்பந்தம் 2013இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தரவேண்டும். ஆனால் அந்தப் பத்து மணியையும் இரண்டு துண்டாக்கித் தரலாம், ஒரு துண்டு மட்டும் ஆறு மணிக்குக் குறையக்கூடாது என்றான். சொல்லும்போது அவன் கையைப் பார்த்தேன். விரல் கணுக்களில் தோல் வெடித்திருந்தது. படுக்கை விரிப்பை இழுத்து இழுத்து மெத்தைக்கடியில் செருகுகிற கைக்கு அப்படித்தான் ஆகும். என் கையும் சீசன் முடியும்போது அப்படித்தான் இருந்தது. நீ தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாய்.

முன்பெல்லாம் கடைசி இரவில் பயணிகளே உறைகளில் பணம் போட்டு, அறை கவனித்தவருக்கு ஒன்று, பரிமாறியவருக்கு ஒன்று, அவருடைய உதவியாளருக்கு ஒன்று என்று கொடுப்பார்களாம். உறையில் போடுகிற பணம், கண்ணில் பட்டவர்களுக்கு மட்டும்தான் போகும். இப்போது கணக்கில் பிடிக்கிற தொகை அவர்களோடு, பயணிகள் பார்க்கவே பார்க்காத பின்கட்டு ஆட்களுக்கும் பிரிகிறது. நீ அதை எடுத்துவிட்டு அறைப் பையன் கையில் தாராளமாகக் கொடுத்தாலும், அந்த ஆட்களின் பங்கைத்தான் வெட்டுகிறாய். சில கம்பெனிகளில், கட்டணத்தை எடுத்துவிட்ட அறையிலிருந்து கையில் வந்த பணத்தைப் பையன் பொதுவில் கொண்டுபோய்க் கட்டிவிட வேண்டும் என்ற விதியும் இருக்கிறதாம். ஆகவே எடுக்கச் சொல்லாதே.

மாப்பிள்ளை சட்டமும் சொன்னார். ஹோட்டல்களும் உணவகங்களும் பில்லில் தானாகச் சேவைக் கட்டணம் சேர்க்கக்கூடாது என்று 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னதும், 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றதும் உண்மைதான். நானும் பத்திரிகையில் படித்தேன். அது நம் நாட்டு ஹோட்டலுக்கு. சிங்கப்பூரில் புறப்பட்டு, பஹாமாஸ் கொடியைப் பறக்கவிட்டுப் போகிற கப்பலுக்கு அதை எப்படி நீட்ட முடியும்? சட்டம் இல்லாமலே எடுத்துவிடுகிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. எங்கள் விருந்தினர்களுக்கும் ஒன்றும் வைக்காமல் போகிற உரிமை இருந்தது.

இதற்கு மேல் கையில் எவ்வளவு என்பதற்கும் சொல்லிவிடுகிறேன். அறைப் பையனுக்கு நான்கு இரவுக்கு 20 டாலர், தினமும் ஒரே மேசையில் ஒரே ஆள் பரிமாறினால் அவருக்கு 10 அல்லது 15 டாலர். அதற்கு மேல் போனால் அது உன் மனம். குடிக்கிற ஜூஸ், காபி ஆகியவற்றின் பில்லில் பெரும்பாலும் 18 சதவீதம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதன் கீழே இன்னும் ஒரு காலிக் கோடு விட்டிருப்பார்கள். அந்தக் கோட்டைப் பார்த்துக் கூச்சப்பட்டு எதையும் எழுதாதே, அங்கே இரண்டாம் முறை கொடுக்கவேண்டியதில்லை. கரையில் சுற்றிக்காட்டுகிற வண்டியோட்டிக்கும் வழிகாட்டிக்கும் கப்பல் பணம் போகாது, அவர்களுக்குத் தனியே கொடு.

சில்லறை நாணயம் மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே. ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய வெள்ளைக்காரச் சில்லறை வைத்து நீ கடை விளையாடினாயே, அதெல்லாம் எனக்கு வந்த டிப்ஸ்தான். எந்த வங்கியும் நாணயத்தை மாற்றித் தராது. கொடுத்தவர்கள் கொடுத்த நிறைவோடு போனார்கள், நான் பாட்டிலில் போட்டுக்கொண்டேன். ஐந்து, பத்து டாலர் தாள்களை இங்கிருந்தே மாற்றிக்கொண்டு போ. கடைசி நாள் காலையில் கொடுக்கலாம் என்றும் இராதே. பெட்டிகளை முந்தின இரவே அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள், காலையில் அவன் அடுத்த கூட்டத்துக்காக விரிப்பை உருவிக்கொண்டு ஓடுவான். நீ அவனைத் தேடுவாய், கிடைக்கமாட்டான். முந்தின நாள் மாலையிலேயே, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கையில் கொடு. பிறகு கம்பெனி அனுப்புகிற கருத்துப் படிவத்திலும் அந்தப் பெயரை எழுது. பணத்துக்குச் சமமாக அது அவர்களுக்கு உதவுமாம். கட்டிலில் துவாலையால் யானை செய்து வைத்திருப்பார்கள். குட்டி அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பான். பிரிக்கட்டும், ஆனால் செய்தவரிடம் அவனே போய் நன்றி சொல்லட்டும். சம்பந்தியம்மா எதிரில் இதையெல்லாம் செய்ய உனக்குத் தயக்கமாக இருந்தால் அவர் தூங்கப் போன பிறகு செய். அவர் எதிரிலேயே செய்தாலும் குறைந்துவிட மாட்டாய் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மாப்பிள்ளை கேட்டதில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் நான் தடுமாறினேன். ‘பொதுவில் போடுகிற பணம் பாத்திரம் கழுவுகிறவனுக்கு உண்மையிலேயே போய்ச் சேருமா மாமா, நடுவில் இருக்கிறவன் எடுத்துக்கொள்ள மாட்டானா?’ என்றார். அதற்குப் பிறகுதான் தொடர்பு அறுந்தது. நீயே துண்டித்தாய் என்று வைத்துக்கொண்டாலும், அந்த நொடியில் அது எனக்கு உதவியாகத்தான் இருந்தது. ஏனென்றால் எங்கள் ஹோட்டலில் நடுவில் இருந்தவன் நான்.

லினன் ரூமில் இருந்த டிப்ஸ் உண்டியலை நீ பார்த்திருக்கிறாய். பிஸ்கட் டின்னின் மூடியில் துளை போட்டு, பூட்டு மாட்டியது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை திறப்போம். பேரர்களுக்கும் ரூம் பாய்களுக்கும் முழுப் பங்கு, சமையல்கட்டுக்கு முக்கால், பாத்திரம் கழுவுகிற மசால்ஜிகளுக்கும் பாய்லர்காரருக்கும் அரைப் பங்கு. மூத்தவன் என்று சாவியும் நோட்டும் என்னிடம் இருந்தன. நீ கோயம்புத்தூரில் சேர்ந்த வருடம், 2003 மே மாதம், ஊட்டியில் மலர்க் கண்காட்சியும் இங்கே சிம்ஸ் பார்க்கில் பழக் கண்காட்சியும் முடிந்த கூட்டத்தில் உண்டியல் நிறைந்திருந்தது. மற்றவர்கள் மேலே இரவுச் சாப்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது நான் தனியே எண்ணினேன். 41,300 ரூபாய். நோட்டில் 34,800 என்று எழுதினேன். உன் ஹாஸ்டல் முன்பணத்தில் குறைந்த 6,500 ரூபாயை மேனேஜரிடம் கடன் வாங்கினேன் என்று அம்மாவிடம் சொன்னது பொய்.

பாய்லர்காரர் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து தைல மர விறகை அடுக்கி நெருப்பு மூட்டினால்தான் ஆறு மணிக்குக் குழாயில் வெந்நீர் வரும். வெந்நீர் வந்தால் அந்த நல்ல பெயர் எனக்கு, வராவிட்டால்தான் அவர் பெயரே வெளியில் வரும். அன்று அவருடைய அரைப் பங்கைக் கொடுத்தேன். விரல் கரி தாளில் ஒட்டாமலிருக்கச் சட்டை நுனியால் பிடித்து எண்ணினார். ‘கூட்டம் நிறைய இருந்துச்சே அண்ணே, கம்மியா இருக்கே’ என்றார். நான் வாய் திறப்பதற்குள், ‘வர்றவங்களும் பாவம், விலைவாசி அப்படி’ என்று அவரே சொல்லிக்கொண்டார். நானும் ஆமாம் என்றேன்.

உனக்காகச் செய்தேன் என்று இதை உன் தலையில் ஏற்றி வைக்க நான் எழுதவில்லை. பணம் தேவைப்பட்டது, சாவி என் கையில் இருந்தது, அவ்வளவுதான். அந்த 6,500 ரூபாயில் அவருக்குச் சேரவேண்டியது எவ்வளவு என்று நேற்று பழைய பங்குக் கணக்கை வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 240 ரூபாய் வருகிறது. அருவங்காட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, பாப்பா எப்படி இருக்கிறது என்று உன்னைத்தான் விசாரித்தார். இருபத்திரண்டு வருடம் கழித்து 240 ரூபாயை ஒரு மனிதரிடம் எப்படி நீட்டுவது என்று எனக்கு விளங்கவில்லை. பெரிய தொகையாகக் கொடுத்தால் காரணம் கேட்பார். மழை விட்டதும் எப்படியும் போகவேண்டும்.

மாப்பிள்ளையிடம் சொல், நடுவில் இருக்கிறவன் எடுக்கலாம், எடுத்தும் இருக்கிறான். ஆனாலும் கம்பெனி பிடிக்கிற பணத்துக்குக் கணக்கு என்று ஒன்று இருக்கும். என் டின்னுக்கு என் நோட்டை விட்டால் வேறொன்றும் இல்லை. கையில் கொடுக்கிற பணமோ பாய்லர் அறை வரைக்கும் போகவே போகாது. அந்த 18 டாலர் இருக்கட்டும். இதை யார் சொன்னது என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்பதை நீயே முடிவுசெய்துகொள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். ஸ்பீக்கரில் போடுவதானால் போடு, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவிடு. பாய்லர்காரர் விஷயம் மட்டும் உன் மூலமாக அம்மா காதுக்குப் போக வேண்டாம், அதை நானே சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா