மறுதலையை மட்டும் சும்மா விடாத

செல்வி,

உன் லெட்டர் வந்துச்சுடி, புது வேலை செட் ஆயிடுச்சுன்னு படிச்சதும்தான் நிம்மதி. நாங்களும் நல்லா இருக்கோம், எனக்கு இந்த வருஷமும் ஒன்பதாவது கணக்குதான். உன் பொண்ணு ஜாமெட்ரில "என்றால்" வர்ற கூற்றையெல்லாம் திருப்பிப் போட்டு மார்க்க விட்டுடுறான்னு எழுதியிருந்தியே, அதுக்குத்தான் இந்த லெட்டரே.

முதல்ல அவள ஒரு படம் வரையச் சொல்லு. படுக்கையா 6 செ.மீ. கோடு, அதோட நடுப்புள்ளி வழியா செங்குத்தா 8 செ.மீ. கோடு, ஆனா அந்த 8-ல மேல 2, கீழ 6 இருக்கணும். நாலு முனையையும் சேர்த்தா பட்டம் வரும். மூலைவிட்டம் ரெண்டும் செங்குத்தாத்தான் வெட்டுது, ஆனா மேல் பக்கம் √13, கீழ் பக்கம் √45, நாலு பக்கமும் சமமா இல்லாம அப்புறம் எங்க சாய்சதுரம்? "சாய்சதுரம்னா மூலைவிட்டம் செங்குத்தா வெட்டும்" சரி, ஆனா அத திருப்பிப் போட்ட "செங்குத்தா வெட்டினா சாய்சதுரம்", அதாவது மறுதலை, தப்பு. "சாய்சதுரம் இல்லன்னா செங்குத்தா வெட்டாது"ன்னு சொல்ற இன்வர்ஸும் இதே படத்துல அடிபட்டுடும், ஏன்னா மறுதலையும் இன்வர்ஸும் எப்பவும் சேர்ந்தேதான் நிக்கும், சேர்ந்தேதான் விழும். ஆனா "செங்குத்தா வெட்டலன்னா சாய்சதுரம் இல்ல", அதாவது கான்ட்ராபாசிட்டிவ், அதுக்கு தனியா நிரூபணமே வேண்டாம், முதல் கூற்று உண்மைன்னா இதுவும் உண்மை.

பசங்க நிஜமா தடுமாறுற இடம் பிதாகரஸ்டி. பக்கம் 5, 12, 13 குடுத்து செங்கோண முக்கோணமான்னு கேட்டா 25 + 144 = 169, ஆமா, பிதாகரஸ் தேற்றப்படின்னு எழுதுவாங்க. 6, 7, 9 குடுத்தா 36 + 49 = 85, 81 இல்ல, அதனால செங்கோணம் இல்ல, இதுக்கும் பிதாகரஸ் தேற்றப்படின்னே எழுதுவாங்க. ரெண்டாவது ஓகே, அது தேற்றத்தோட கான்ட்ராபாசிட்டிவ்தான். முதலாவதுக்கு மறுதலை வேணும், அதாவது "சின்ன பக்கம் ரெண்டோட வர்க்கத்தக் கூட்டினா பெரிய பக்கத்தோட வர்க்கம் வந்தா செங்கோணம்"ங்கிறது, அது வேற தேற்றம், பழைய கிரேக்கக் கணக்கு மேதை யூக்ளிடே தன்னோட எலிமென்ட்ஸ் நூலோட முதல் புத்தகத்துல பிதாகரஸை 47-ஆவதா நிரூபிச்சுட்டு மறுதலையை 48-ஆவதா தனியா நிரூபிச்சிருக்கார். விடை ரெண்டும் சரியா வந்துடுறதால இத யாரும் கண்டுக்கிறதே இல்ல, எனக்கு அதுதான் வருத்தம்.

இன்னொண்ணு சொல்றேன், இது உனக்கு, அவளுக்கு இப்ப வேண்டாம். ரெண்டு கோட்ட ஒரு குறுக்குவெட்டி வெட்டுறப்போ வர்ற ஒன்றுவிட்ட கோணங்கள் சமம்னா கோடுகள் இணைங்கிறது அதே புத்தகத்துல 27-ஆவது. மறுதலை 29-ல வருது, யூக்ளிட் தன்னோட அஞ்சாவது எடுகோளை, அதாவது இணைகோடு பத்தி நிரூபிக்காமலே ஏத்துக்கிட்ட கூற்றை, முதல்முறையா எடுக்குறதே அங்கதான். அந்த எடுகோள் செல்லாத ஹைபர்போலிக் ஜாமெட்ரில 27 அப்படியே நிக்குது, 29 நிக்கல! கூற்றையும் மறுதலையையும் தாங்குற அஸ்திவாரமே வேறயா இருக்கலாம்னு தெரிஞ்சப்போ எனக்குப் புல்லரிச்சுப் போச்சுடி.

பொண்ணுகிட்ட அந்த ரெண்டு முக்கோணத்தையும் குடுத்து, எதுக்குத் தேற்றம், எதுக்கு மறுதலைன்னு காரணத்தோட எழுதச் சொல்லு. எழுதினத போட்டோ எடுத்து அனுப்பு, அடுத்து என்ன குடுக்கலாம்னு பாத்துட்டுச் சொல்றேன். அம்மாவக் கேட்டேன்னு சொல்லு.

உன்
வசந்தி