ஈப்போ அலமாரிகளும் கட்டிலடிப் பெட்டியும்

அன்பு நண்பா,

ஈப்போ வீட்டில் மாமா விட்டுப்போன புத்தகங்களை நீ எடுத்தனுப்பிய படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. மாமா காரியத்துக்கு நான் வர முடியவில்லை, முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நடை பழகிக்கொண்டிருந்தேன், உனக்குத் தெரியும். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். இப்போது இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தை வரைக்கும் போய்க் காய்கறி வாங்கி வரும் அளவுக்குத் தேறிவிட்டேன், படி ஏறுவதுதான் இன்னும் கொஞ்சம் கஷ்டம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்து நின்று, அலமாரிக்கு இவ்வளவு என்று விலை சொன்னதாக எழுதியிருக்கிறாய். கொடுக்காதே. அந்த மனிதர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை, வியாபாரி மொத்தமாகத்தான் கேட்பார், அவருக்கு வேன் வாடகை இருக்கிறது, விற்காமல் தேங்குவதை வைக்க இடம் வேண்டும். ஆனால் கண்ணாடி அலமாரியைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தவர், போகிற போக்கில், "அந்தக் கட்டிலுக்கு அடியில் இருக்கிற பெட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், குப்பைதானே" என்று சொன்னாராமே. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதத்தை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அலமாரியில் இருப்பது என்ன? தடித்தடியாகக் காலிகோ துணி அட்டையில் கம்பராமாயணம், பெரியபுராணம், திருவாசக உரைகள், முதுகில் பொன்னெழுத்து. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் படத்தில் தலைப்புப் பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பெரும்பாலும் 1940, 50களின் மறுபதிப்புகள். சென்னையிலும் காரைக்குடியிலும் வீட்டுக்கு வீடு கிடந்தவை, இன்றும் கிடைக்கின்றன. வயது மட்டும் விலையைத் தராது. எத்தனை பிரதி மிஞ்சியிருக்கிறது, அதைத் தேடி அலைகிற ஆள் யாராவது இருக்கிறாரா, இந்த இரண்டும்தான் கணக்கு. உ.வே.சா.வின் சீவக சிந்தாமணி 1887ஆம் ஆண்டு முதற்பதிப்போ, 1894ஆம் ஆண்டுப் புறநானூறோ அந்த வரிசையில் ஒளிந்திருந்தால் அது வேறு கதை, அப்போது கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே போன் பண்ணு.

1889ஆம் ஆண்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது என்று குதித்திருந்தாயே, "விரோதி வருஷம்" என்று போட்டிருப்பதாக. விரோதி 1889இலும் வந்தது, 1949இலும் வந்தது. அறுபது வருடச் சுற்றுதானே. உன் படத்திலேயே அச்சகத்தின் முகவரியில் "சென்னை-1" என்று எண் இருக்கிறது பார், அஞ்சல் வட்டார எண் 1889இல் ஏது? ஆகவே அது 1949. விற்கிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ இந்த அறுபது வருடத்தைக் கூட்டிவிடுவார்கள், வாங்குகிறவரும் ஆசையில் நம்பிவிடுவார். தமிழ் வருஷம் மட்டும் இருந்தால் அச்சகத்தின் பெயர், முகவரி, விளம்பரங்கள், காகிதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

காகிதம் என்றதும் இன்னொன்று. பழையது என்றால் பொடிப்பொடியாக இருக்கும் என்று நினைக்காதே. கந்தல் துணியில் செய்த பழைய தாள் இருநூறு வருடம் ஆனாலும் வளைந்து கொடுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ்த் தாள் வந்ததே, அதில் இருக்கும் அமிலம் தன்னைத்தானே தின்றுகொள்ளும், அதனால்தான் உன் அலமாரியில் 1945 புத்தகம் முறுக்கு மாதிரி நொறுங்குகிறது.

இப்போது கட்டிலடிப் பெட்டி. நீ அலட்சியமாக எடுத்த அந்த மங்கலான படத்தில் எனக்குத் தெரிந்தவை: தமிழர் திருநாள் மலர்கள், தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர் போல ஒன்று, நாலணா விலை போட்ட பாட்டுப் புத்தகங்கள், ஒரு கடை இலவசமாகக் கொடுத்த பஞ்சாங்கம், அப்புறம் பினாங்கு என்று முகவரி போட்ட மெல்லிய ஏதோ ஒன்று, அட்டையே இல்லை. நண்பா, இந்த வீட்டில் காசும் மதிப்பும் இருக்கிற இடம் அதுதான். இவை சில நூறு பிரதிகள் அச்சாகி, விழா நாளில் கைக்குக் கை போய், மறுவாரம் பொட்டலம் மடிக்கப் போனவை. நம் ஊர் ஈரமும், ராமபாணப் பூச்சியும், கறையானும், வீடு மாற்றும்போது "இதெல்லாம் எதற்கு" என்கிற குரலும் சேர்ந்து மிச்சத்தை முடித்துவிட்டன. புராணத்தைப் பூஜை அறை பக்கத்தில் வைத்துக் காப்பாற்றினோம், நம் ஊரில் நாமே அச்சடித்ததை யார் காப்பாற்றினார்கள்?

சிங்கப்பூரையே எடுத்துக்கொள். இங்கே தமிழ் அச்சு 1870களிலேயே நடந்திருக்கிறது, முன்னாஜாத்துத் திரட்டு என்ற இஸ்லாமியப் பாடல் நூல் 1872இல் இங்கே அச்சானது. 1887இல் சதாசிவப் பண்டிதரின் சிங்கை நகர் அந்தாதி, அதே வருடம் மகுதூம் சாயபு நடத்திய சிங்கை நேசன் வார இதழ், அது 1890 வரை வந்தது. அந்தக் காலத்துப் பிரதி ஒன்றைக் கடையில் பார்த்தவர் என்று என் வட்டாரத்தில் ஒருவரும் இல்லை. 1886இல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றையும் ஆண்ட பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் புத்தகப் பதிவுச் சட்டம் கொண்டுவந்து, அச்சானவற்றின் பட்டியலை அரசிதழில் காலாண்டுக்கு ஒருமுறை போட்டது. பட்டியலில் பெயர் இருக்கும், புத்தகத்தைத் தேடினால் கிடைக்காது. ஆகவே அட்டை இல்லாத அந்தப் பினாங்குப் புத்தகத்தைக் கையால் அதிகம் புரட்டாமல், கடைசிப் பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பு. அச்சகத்தின் பெயர் சில நேரம் கடைசிப் பக்க அடியில்தான் இருக்கும்.

விலை எவ்வளவு என்று கேட்டாயே, அதற்கு ஒழுங்கான பதில் கிடையாது, சந்தை சின்னது. மலாய், ஆங்கிலப் பழம்புத்தகங்களுக்குச் சேகரிப்பாளர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாறான ஹிக்காயாத் அப்துல்லா 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வந்தது, அந்தப் பதிப்பு வெளியே வந்தால் பெரிய ஏலக்காரர்களே மூக்கை நீட்டுவார்கள். (அந்த அப்துல்லா சின்ன வயதில் மலாக்காவில் தமிழ் படித்தவர், வசதியான வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் கற்பது அங்கே வழக்கம் என்று அவரே எழுதியிருக்கிறார். இதை நம் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவார்களா?) மலாயாத் தமிழ் அச்சுக்கு அப்படி இல்லை. சில ஆய்வாளர்கள், சில நூலகங்கள், என்னைப் போல் சில பைத்தியங்கள். வேண்டியவர் கண்ணில் பட்டால் நல்ல விலை, படாவிட்டால் இரண்டு வெள்ளிக்கும் போகாது, நடுவில் ஒன்றும் இல்லை. அதனால் இணையத்தில் ஒருவர் ஐந்நூறு வெள்ளி போட்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டு மனக்கணக்குப் போடாதே. அது அவர் கேட்கிற விலை, வருடக்கணக்காக அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கலாம். உண்மையில் விற்று முடிந்த விலை என்னவென்று பார், ஈபேயில் அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது, உன் பையனிடம் கேள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கையெழுத்து, ரப்பர் முத்திரை இருக்கிற புத்தகங்களை ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொன்னாய், "அசிங்கமாக இருக்கிறது" என்று. ஆங்கிலப் புத்தகச் சந்தையில் அது பெரும்பாலும் குறைதான், அங்கே மேலுறை கிழியாமல் இருக்கிறதா என்பதற்கே பாதி விலை. நம் புத்தகங்களுக்கு நேர்மாறு என்பது என் கட்சி. தோட்டப் பள்ளியின் முத்திரை, மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கியின் முத்திரை, "இன்னாருக்குத் திருமணப் பரிசு" என்று நீல மையில் எழுதியது, இவைதான் அந்தப் புத்தகம் எந்த வழியாக வந்தது என்று சொல்கின்றன. உள்ளே செருகியிருக்கும் தாள்களையும் உதறிவிடாதே. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காகத் தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டினாரே, அந்த ரசீது ஏதாவது மாமா புத்தகத்துக்குள் கிடந்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை, அவர் அப்படிப்பட்ட ஆள். அழிக்காதே, செலோடேப் ஒட்டாதே, பைண்டரிடம் கொடுத்து ஓரம் வெட்டவே வெட்டாதே. நூலக முத்திரை இருந்து, கழித்துவிட்டோம் என்கிற முத்திரை இல்லாவிட்டால் மட்டும் தனியாக வை, அது இன்னும் அந்த நூலகத்தின் சொத்தாக இருக்கலாம், கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

அத்தை தைத்து வைத்த பொன்னியின் செல்வன் கட்டு பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை. கல்கியில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்ததைக் கிழித்துச் சேர்த்துக் கட்டியது, நாம் மூன்றாம் பாகத்துக்கு அடித்துக்கொண்டோமே, அதேதான். நாவல் இன்று நடைபாதைக் கடையில் கூடக் கிடைக்கும், கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கிறார்கள். ஆனால் மணியம் வரைந்த படங்கள் அந்த வாரத்து அச்சில், பக்கத்தில் அந்த வாரத்துச் சோப்பு விளம்பரத்தோடு இருப்பது அத்தை தைத்த அந்தத் தொகுப்பில்தான். அதற்கு இப்போது நல்ல கிராக்கி. விற்கச் சொல்லவில்லை, அத்தை இருக்கும்வரை அதைத் தொட வேண்டாம்.

இங்கே தேசிய நூலகம் 2015இல் சிங்கப்பூர்ப் பொன்விழாவை ஒட்டி நம் தமிழ் இலக்கிய நூல்கள் ஏறத்தாழ 350ஐ மின்வடிவமாக்கியது, பழைய தமிழ் முரசும் இணையத்தில் படிக்கலாம். அதனால் பழைய தாளுக்கு இனி மதிப்பில்லை என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாசிக்க வேண்டியவர் திரையில் வாசித்துக்கொள்வார், தாளைத் தேடுபவர் வேறு எதையோ தேடுகிறார். ஆனால் ஒன்று, திரையில் ஏறாதது பெட்டியோடு போனால் போனதுதான். ஆகவே என் யோசனை: சிங்கப்பூர் சம்பந்தப்பட்ட மலர்களை விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்துக்கும், மலாயா சம்பந்தப்பட்டதை உங்கள் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கும் முதலில் காட்டலாம், அவர்களிடம் இல்லாததை அவர்களுக்கே கொடுத்துவிடலாம். இருப்பதை விற்கலாம், அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை, அத்தைக்கு மருந்துச் செலவு இருக்கிறதே. புராணங்களைக் கோயில் நூலகம் கேட்டால் தூக்கிக் கொடு.

அப்புறம் உன் மருமகன், காரைக்குடியில் 1890களின் புத்தகங்கள் மலிவாக வருகின்றன, பெட்டியில் போட்டுக் கொண்டு வந்து இங்கே விற்கலாம் என்றாராம். வேண்டாம் என்று சொல். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது, நூறு வருடம் தாண்டிய பொருள்களை, ஆவணம் சுவடி என்றால் எழுபத்தைந்து வருடம் தாண்டியதை, தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அச்சுப் புத்தகத்தில் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விமான நிலையத்தில் நின்று வாதாட அவருக்குத் தெம்பு இருக்கிறதா? தவிர, அந்த ஊர்ப் புத்தகம் அந்த ஊரிலேயே இருக்கட்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூலகம், அவர் 1992இல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியும், சென்னையிலேயே நிற்கிறது. அந்த மாதிரி நடந்தால்தான் எனக்குச் சந்தோஷம்.

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போன மாதம் போனேன். நாம் பாடப்புத்தகம் விற்றுப் படம் பார்த்த பழைய கடைகள் 1980இல் அந்தக் கட்டடத்துக்குள் போனபோது எவ்வளவு சலித்துக்கொண்டோம்! இப்போது அங்கேயும் புத்தகக் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. "திருட்டுச் சந்தை" என்று பேர் வாங்கிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையை 2017இல் மூடிய பிறகு தரையில் விரித்து விற்கும் குவியலைக் கிளறுகிற சுகமும் போயிற்று. தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, ஒரு பழைய மலாயா ரயில் வழிகாட்டியைக் கையில் எடுத்துவிட்டு விலையைப் பார்த்து மரியாதையாகத் திருப்பி வைத்தேன்.

இப்போதைக்கு நீ செய்ய வேண்டியது: பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் தரையில் படாமல் மேலே வை. பூச்சி இருக்கிற புத்தகங்களைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் வை, அத்தை திட்டினால் நான் சொன்னேன் என்று சொல். செய்தித்தாளில் சுற்றாதே. "சூராட் கபார் லாமா" என்று கூவிக்கொண்டு பழைய பேப்பர் வாங்குகிற வண்டி தெருவில் வரும்போது வீட்டில் வேலைக்காரப் பெண் மட்டும் இருக்கிற மாதிரி விடாதே. அந்த வியாபாரியிடம் கண்ணாடி அலமாரிக்கு மட்டும் விலை கேள், முன்பு சொன்னதற்கு எவ்வளவு குறைத்துச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஜூன் பள்ளி விடுமுறையில் பேரனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வருகிறேன். மேல்மாடி அறை வேண்டாம், கீழேயே ஒரு பாய் போதும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்