எட்டாம் நம்பரை நீட்டிய கேடி அண்ணனுக்கு

அண்ணே, வணக்கம்.

அந்த மலைக் கோல்ஃப் மைதானத்தில் எனக்குக் கேடியாக, பதினெட்டு குழிக்கும் என் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு, யோசனையும் சொல்லிக்கொண்டு மலை ஏறி இறங்கினீர்கள். கிளம்பும்போது கைகுலுக்கி நன்றி சொன்னேன், பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். அதனால்தான் ஊரறிய இந்தக் கடிதம். அன்றைக்கு முழுக்க உங்கள் பேச்சைக் கேட்காத ஆள் என்றால் ஞாபகம் வரும். தொப்பியைக் காற்றில் விட்டவன்.

அந்த மூன்றாவது குழியிலிருந்தே தொடங்குகிறேன். பார் 3, அதாவது மூன்று அடியில் பந்தைக் குழிக்குள் போட வேண்டும். அட்டையில் 165 யார்டு. முதல் அடி அடிக்கும் டீயில் நின்று பார்த்தால், குழி இருக்கும் வழவழப்பான புல்தரையான கிரீன் கீழே கைக்குட்டை அளவுக்குத் தெரிகிறது, அதற்கப்பால் பள்ளத்தாக்கு, அதற்கும் அப்பால் மேகம். நான் வாய் பிளந்து நின்றபோது நீங்கள் எட்டாம் நம்பர் அயர்ன் கிளப்பை, அதாவது இரும்பு மட்டையை, உருவி நீட்டினீர்கள். "ரெண்டு கிளப் குறைச்சு அடிங்க சார்." நம்பர் ஏற ஏற பந்து போகும் தூரம் குறையும். 165 யார்டுக்கு எனக்கு எப்போதும் ஆறாம் நம்பர்தான். அதையே எடுத்தேன். பந்து அழகாகப் போனது, கிரீனுக்கு மேலேயே பறந்து புதருக்குள் மறைந்தது. நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, எட்டாம் நம்பரைத் துடைத்துப் பைக்குள் வைத்தீர்கள். அது சொன்னதைவிட மோசம்.

வீட்டுக்கு வந்து தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். டீக்கும் கிரீனுக்கும் உயர வித்தியாசம் சுமார் 66 அடி, அதாவது 22 யார்டு. பந்து ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், தரை ஒரு யார்டு கீழே போகப்போக பந்தும் ஒரு யார்டு கூடுதலாக முன்னே போய்த்தான் விழும். ஆக, நான் அடிக்க வேண்டியது 143 யார்டு. ஒரு கிளப்புக்குப் பத்து யார்டு கணக்கு போட்டால் ஏறக்குறைய இரண்டு கிளப். நீங்கள் ஒரு பார்வையில் சொன்னதைக் கண்டுபிடிக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. என் கையில் இருந்த லேசர் கருவியில் மேடு பள்ளத்தைக் கழித்துத் தூரம் சொல்லும் வசதி இருந்தது. நான்தான் அதை அணைத்து வைத்திருந்தேன். 2019-இல் திருத்திய விதிகளில் தூரத்தை அளக்கலாம், உயர வித்தியாசத்தை அளக்கக் கூடாது. மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் முதல் தடவைக்குக் கணக்கில் இரண்டு அடி கூடும், மறுபடியும் செய்தால் ஆட்டத்தை விட்டே வெளியே. நட்பு ஆட்டம்தான், ஆனாலும் பழக்கம் கெடக் கூடாது என்று நினைத்தேன். கருவி சொல்லக் கூடாததைக் கேடி தாராளமாகச் சொல்லலாம், அதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்காது. சொன்னீர்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

ஏழாவது குழியில் டிரைவர், அதாவது அதிகத் தூரம் அடிக்கும் கிளப், எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 2018 ஜனவரியில் ஹவாயின் கபலுவா மைதானத்தில் அமெரிக்க ஆட்டக்காரர் டஸ்டின் ஜான்சன் இறக்கமான 12-வது குழியில் அடித்த டிரைவ், 430 யார்டுக்கு மேல் உருண்டு போய் குழிக்கு ஓர் அடிக்கும் குறைவான தூரத்தில் நின்றது. அந்தக் காட்சி என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மேலிருந்து அடிக்கும் பந்து காற்றில் கூடுதல் நேரம் இருக்கும். சமதரையில் பத்து யார்டு வலப்பக்கம் விலகும் என் ஸ்லைஸ், அங்கே இன்னும் விலகிக்கொண்டே போனது. நாம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். ரொம்ப நேரம் நின்ற மாதிரி இருந்தது.

ஏற்றத்தில் கதை தலைகீழ். ஒன்பதாவதில் கிரீன் தலைக்கு மேலே, கொடியின் நுனி மட்டும் தெரிந்தது. ஒரு கிளப் கூட்ட, அதாவது இன்னும் தூரம் போகும் கிளப்பை எடுக்கச் சொன்னீர்கள். நான் கூட்டவில்லை. பந்து கிரீனின் விளிம்பைத் தொட்டுவிட்டு, கூப்பிட்ட நாய்க்குட்டி மாதிரி என் காலடிக்கே உருண்டு வந்தது.

சரிவில் நிற்கும் விதத்தை மட்டும் அன்றே கற்றுக்கொண்டேன். பந்து காலைவிட மேட்டில் கிடந்தால், வலக்கைக்காரனுக்குக் கிளப்பின் முகம் தானாகவே இடப்பக்கம் பார்க்கும், பந்தும் இடப்பக்கம் வளையும். தாழ்வில் கிடந்தால் வலப்பக்கம். என் பந்து மேட்டில் கிடந்தது. நீங்கள் பேசாமல் வலப்பக்கத்து மரத்தைக் காட்டினீர்கள், நான் முதல்முறையாகக் கீழ்ப்படிந்தேன். பந்து மரத்தை நோக்கிக் கிளம்பி, யோசித்து, கிரீனுக்குத் திரும்பியது. உங்கள் முகத்தில் அன்றைக்கு ஒரே சிரிப்பு அப்போதுதான்.

கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டும் புட்டிங்கைப் பற்றி எழுதாமல் விட்டால் நியாயமில்லை. மலைமுகத்தில் சுற்றியுள்ள நிலமே சாய்ந்து கிடப்பதால் கண்ணுக்கு எது மட்டம் என்று தெரிவதில்லை. லேசாக இறங்கும் கிரீன் ஏறுவது போலவே தோன்றுகிறது. நீங்கள் கிரீனைப் பார்க்கவே இல்லை, முதலில் மலை எந்தப் பக்கம் என்று பார்த்தீர்கள். அப்புறம் பந்துக்கும் குழிக்கும் நடுவே போய்க் காலை அகட்டி நின்றீர்கள், எந்தக் காலில் பாரம் இறங்குகிறது என்று. நான் குனிந்து, படுத்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்ததெல்லாம் வீண்.

தொலைக்காட்சியில் கோல்ஃப் பார்த்து வளர்ந்தவன் நான். அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தின் பத்தாவது குழி டீயிலிருந்து கிரீனுக்குள் 100 அடி போல இறங்குகிறது, திரையில் அது ஏதோ தோட்டத்துப் புல்வெளி மாதிரிதான் தெரியும். என் முழங்கால் இரண்டு நாள் வலித்த பிறகுதான் அந்த 100 அடி எவ்வளவு என்று புரிகிறது.

மறுபடி வருவேன். மூன்றாவது குழியில் எட்டாம் நம்பரை நீட்டுங்கள், வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்கிறேன். அந்தப் புதரில் நீலக் கோடு போட்ட பந்து ஒன்று கிடைத்தால் எடுத்து வையுங்கள், அது என்னுடையதுதான்.

அன்புடன்,
தொப்பியை விட்டவன்