முங்குவதற்கு முன் மூச்சை வாரி இறைக்காதீர்கள்

குளச்சல் பக்கம் சிப்பி எடுக்க முங்கும் தம்பிமாருக்கு,

நலமா மக்களே? பிளஸ் டூவில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். உங்களில் சிலர் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உறங்கியவர்கள்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. விடியுமுன் கடலுக்குப் போய்வந்த பிள்ளை உறங்காமல் என்ன செய்யும்? ஆனால் அப்போது கேட்காமல் போன ஒரு பாடத்தை இப்போது நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

போன வாரம் மணலில் உட்கார்ந்திருந்தேன். வலைப்பையும் பிடித்து மிதக்கும் காற்று டியூபுமாக இறங்கப்போன ஒருவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தது காதில் விழுந்தது: "முப்பது தடவை வேகமா இழுத்து விடு. ரத்தத்துல ஆக்சிஜன் ஏறும். அப்புறம் ரொம்ப நேரம் கீழ நிக்கலாம்." கடைசியில் சொன்னது உண்மை, நடுவில் சொன்னது தப்பு. ஆள் சாவது அந்த இரண்டுக்கும் இடையில்தான்.

நுரையீரலில் 30 கோடிக்கும் மேல் காற்று நுண்ணறைகள். அத்தனையையும் விரித்துப் போட்டால் 70 சதுர மீட்டர், அதாவது ஒரு சின்ன வீட்டின் தரை அளவு வரும். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சவ்வு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட தடிமன் இல்லாதது. ஒரு சிவப்பணு அந்த இடத்தைக் கடக்க முக்கால் வினாடி ஆகும். ஆக்சிஜன் முதல் கால் வினாடியிலேயே ஏறிவிடும். சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்பது நாலு பேர் மட்டும் ஏறும் வள்ளம். நீங்கள் திண்ணையில் சும்மா இருக்கும்போதே நுரையீரலை விட்டுக் கிளம்பும் ரத்தத்தில் நூற்றுக்கு 97, 98 இடம் நிரம்பித்தான் இருக்கிறது. முப்பது தடவை இழுத்தால் மிச்சமுள்ள ஒன்றிரண்டு இடம் நிரம்பும். நெஞ்சுக்குள் நிற்கும் காற்றில் ஆக்சிஜன் கொஞ்சம் கூடும், சரி. அவ்வளவுதான் லாபம்.

ஆனால் வெளியே போவது நிறையப் போகும். தசையில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 70 சதவீதம் சிவப்பணுவுக்குள் தண்ணீரோடு சேர்ந்து, கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியின் வேகத்தில் பைகார்பனேட்டாக மாறித்தான் நுரையீரலுக்கு வருகிறது. கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு வரும். மீதி அப்படியே கரைந்து வரும். நுரையீரலில் எல்லாம் திரும்பவும் வாயுவாகி மூச்சோடு போய்விடுகிறது. வேகவேகமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் அதன் அளவு சட்டென்று இறங்கும். விரல் நுனி மரத்து, தலை லேசாகக் கிறுகிறுப்பது அதனால்தான். அந்தக் கிறுகிறுப்பை 'ஆக்சிஜன் ஏறிவிட்டது' என்று நினைக்கிறீர்கள்.

இனி முக்கியமான இடம். கீழே நிற்கும்போது "போதும், மேலே போ" என்று நெஞ்சு முட்டுகிறதே, அது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்ததால் வருவதல்ல. கார்பன் டை ஆக்சைடு கூடியதை மூளையின் அடியிலுள்ள முகுளம் உணர்ந்து தள்ளும் தள்ளு அது. ஆக்சிஜன் குறைவதைக் கழுத்து ரத்தக்குழாயில் இருக்கும் உணரிகள் கவனிக்கும். ஆனால் அது வெகுவாக இறங்கிய பிறகே சத்தம் போடும். முன்னாலேயே கார்பன் டை ஆக்சைடை வாரி வெளியே இறைத்துவிட்டால் முட்டல் வரத் தாமதமாகும். இன்னும் நாலு சிப்பி பெயர்க்கலாம் என்று தோன்றும். ஆக்சிஜன் அதுபாட்டுக்குத் தீர்ந்துகொண்டிருக்கும்.

ஆழமும் சேர்ந்து ஏமாற்றும். பத்து மீட்டர் கீழே அழுத்தம் இரண்டு மடங்கு. நெஞ்சுக் காற்று பாதியாகச் சுருங்கி, அதிலுள்ள ஆக்சிஜன் ரத்தத்துக்குள் அழுத்தப்படும், நன்றாகத்தான் இருக்கும். மேலே வர வர அந்த அழுத்தம் விழும். கடைசி இரண்டு மூன்று மீட்டரில், வெளிச்சம் தெரியும் இடத்தில், முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பும். நல்ல நீச்சல்காரனுக்கும் இது வரும். கையைக் காலை அடித்து யாரையும் கூப்பிட மாட்டான். அமைதியாகத் தாழ்ந்துவிடுவான்.

பீடி இழுத்துவிட்டு இறங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடிக்கும். வள்ளத்தில் நாலு இடத்தில் ஒன்றை அது பிடித்தால் எழுந்திருக்க மணிக்கணக்காகும்.

அதனால் நான் கேட்பது கொஞ்சம்தான். இறங்குமுன் டியூபைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாக மூச்சு விடுங்கள், கடைசியில் ஒரே ஒரு முறை நன்றாக இழுத்து முங்குங்கள். நெஞ்சு முட்டிய உடனே கிளம்புங்கள். ஒரு முங்கலுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு இயல்பாகும்வரை பொறுங்கள். இரண்டு பேராகப் போங்கள். ஒருவன் கீழே என்றால் மற்றவன் மேலே. மேலே வந்தவனையும் அரை நிமிடம் பார்த்துக்கொண்டே இருங்கள், வந்தபின் மயங்குவதும் உண்டு.

அந்த இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரென்று எனக்குத் தெரியும், பெயர் எழுதவில்லை. சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன். வந்தால் கரும்பலகை இல்லாமலேயே இதைத் திரும்பச் சொல்கிறேன். வரும்போது கொஞ்சம் சிப்பி கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய உயிரியல் சார்