தலைக்கட்டு வரி நோட்டைப் படமெடுக்க ஒரு நாள் கொடுங்கள்

கொங்கு நாட்டுக் குலதெய்வக் கோயில்களின் நிர்வாகக் குழுவினருக்கும், பழைய நோட்டுகளைக் காத்துவரும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

மாசி சிவராத்திரிக்குக் காணிக் கோயிலுக்கு (குலதெய்வக் கோயிலுக்கு) வரும் பங்காளிகள் பலருக்கு அப்பாருக்கு (அப்பாவின் அப்பாவுக்கு) மேல் பெயர் தெரிவதில்லை. அந்தப் பெயர்கள், கல்யாணமான ஆண் ஒவ்வொருவரிடமும் கோயிலுக்காக வசூலிக்கும் தலைக்கட்டு வரியின் நோட்டில், உங்கள் பீரோவில் இருக்கின்றன. வம்ச வரைபடம் போடுவதற்காக அந்த நோட்டைப் படமெடுக்க ஒரு நாள் கேட்டே இந்த மடல்.

வேறு இடத்தில் தேடலாமே என்பீர்கள். பிறப்புப் பதிவேட்டில் பல இடங்களில் ‘ஆண் குழந்தை’ என்று மட்டுமே இருக்கும். பெயர் வைக்கும் முன்பே பதிந்திருப்பார்கள். கிரயப் பத்திரம் நிலம் இருந்தவரை மட்டுமே காட்டும். அதிலும் தாராபுரத்துப் பத்திரம் என்றால் 1979 வரை கோவை மாவட்டம், பிறகு பெரியார் மாவட்டம், அதுவே ஈரோடு, 2009 முதல் திருப்பூர் என்று தலைப்பு மாறிக்கொண்டே போகும். வரி நோட்டிலோ கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் தகப்பன் பெயரோடும் குடியிருக்கும் ஊரோடும் வரிசையாக வருகிறார். ஒரு பெயர் எந்த ஆண்டு புதிதாக ஏறுகிறது, எந்த ஆண்டு நின்று மகன் பெயர் மட்டும் தொடர்கிறது என்று பார்த்தால் கல்யாணமும் சாவும் ஏறக்குறையப் பிடிபட்டுவிடும்.

நோட்டு கோயிலை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. நிழலான திண்ணையில் ஒரு மேசை போதும். ஒருவர் புரட்ட, ஒருவர் படமெடுக்க, உங்களில் ஒருவர் கூட இருக்கலாம். செல்போனைத் தாங்கியில் வைத்து நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். பிளாஷ் போட்டால் மை மங்கிய இடம் வெளுத்துப் போகும். பழைய தையல் நோட்டை முழுக்க விரித்து அமுக்கினால் முதுகு பிளந்துவிடும். ஆகவே பாதி விரித்து, அடியில் துணியைச் சுருட்டிக் கொடுத்து, இடப்பக்கங்களை எல்லாம் முதலில், வலப்பக்கங்களைப் பிறகு எடுப்பது நல்லது. அட்டையையும் வெற்றுப் பக்கங்களையும் விடக்கூடாது. விட்டால், ‘இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டார்கள்’ என்று பின்னால் பேச்சு வரும். கிளம்பும் முன் பக்கங்களையும் படங்களையும் எண்ணிச் சரிபார்த்து, மூன்று பிரதிகளில் ஒன்றை அங்கேயே உங்களிடம் தந்துவிட வேண்டும். இன்னொன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

தயவுசெய்து எதையும் லேமினேஷன் செய்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் எடுக்க வழியில்லை. செல்லோடேப்பின் பசை பழுத்துத் தாளையும் கறையாக்கும். செப்பேட்டைப் புளி போட்டு விளக்கினால் எழுத்தின் விளிம்பு தேய்கிறது. பக்கவாட்டில் தாழ்வாக விளக்கைப் பிடித்தாலே எழுத்து எழும்பித் தெரியும்.

பெரிய குழப்பமெல்லாம் படித்து எழுதும்போதுதான் வருகிறது. தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், ‘பிலவ வருஷம்’ என்றால் 1901ஆ, 1961ஆ? வரி அணாவில் இருந்தால் 1901 என்று கொள்ளலாம், ஏனென்றால் 1957இல் நயா பைசா வந்துவிட்டது. அதே பிலவ வருஷத் தை மாதம் என்றால் ஆங்கில ஆண்டு 1902 ஆகிவிடும். ஏட்டுச் சுவடியில் புள்ளி இருக்காது, துணைக்காலும் (ா) ரகரமும் (ர) ஒன்றுபோல் இருக்கும். எனவே இருவர் தனித்தனியாகப் படித்து எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். எழுத்துப் பிழையைத் திருத்தக் கூடாது. ஊகத்தை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். பேரனுக்கு அப்பாரு பெயரை வைப்பது நம் வழக்கம் என்பதால், பெயரை மட்டும் நம்பினால் இரண்டு தலைமுறை ஒரே ஆளாகிவிடும். தகப்பன் பெயர், மனைவி பெயர், தோட்டத்தின் பெயர் மூன்றும் பொருந்தினால்தான் வரைபடத்தில் கோடு போடலாம்.

இந்த நோட்டுகளின் மிகப் பெரிய குறை, பெண்கள் இல்லாதது. அப்பிச்சி (அம்மாவின் அப்பா) ஊர் எல்லோருக்கும் தெரியும். அம்மாயி (அம்மாவின் அம்மா) பிறந்த ஊரைக் கேட்டால் பதில் வராது. வீட்டிலுள்ள பழைய கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் என்ற சடங்கைச் செய்த சகோதரி யார் என்ற நினைவு ஆகியவற்றிலிருந்துதான் இதை நிரப்ப முடியும். ஒவ்வொரு பெண்ணுக்கும் பிறந்த ஊர், பிறந்த கூட்டம் (குலப் பிரிவு), தாய் பிறந்த ஊர் என மூன்று கட்டங்கள் இனி உங்கள் புது நோட்டிலேயே இருக்க வேண்டும். மணமாகாத மகள்களையும் எழுதுங்கள். கோயிலுக்குப் பானை வனைந்தவர், பறை அடித்தவர், மங்கல வாழ்த்துச் சொன்ன நாவிதர் பெயர்கள் மானியக் கணக்கில் இருந்தால், அவர்கள் வாரிசுகளுக்கும் பிரதி கேட்கும் உரிமை உண்டு என்பதே எங்கள் உறுதியான கருத்து.

உயிரோடு இருப்பவர்களின் விவரம் வேறு சங்கதி. அவர்களின் பிறந்த தேதி, செல்போன் எண், இப்போதைய முகவரி எதுவும் பொதுப் பிரதியில் வரக்கூடாது. வேறு சாதியில் மணந்தவர்களைத் தேடிப்போய் மிரட்டுவதற்கு ஒரு வம்சப் பட்டியல் உதவிவிடக் கூடாது. சுவீகாரம், இரண்டாம் தாரம் போன்றவற்றைச் சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமல் பகிரவே கூடாது.

சிவராத்திரிக் கூட்டத்தில் நோட்டைத் தொட வேண்டாம். வரி வசூல் முடிந்து கணக்கு அடைத்த பிறகு ஒரு நாள் சொல்லுங்கள். பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், கணக்குப்பிள்ளை யாராவது உங்கள் ஊரில் இருந்தால் அவரையும் வரச் சொல்லுங்கள். அடுத்த சிவராத்திரிக்குள் வம்ச வரைபடம் தயாராகிவிடும். அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒட்டி, நூலில் பென்சில்களைக் கட்டித் தொங்கவிடுவோம். பேனா வேண்டாம், ஒருவர் திருத்தியதை இன்னொருவர் மறுபடி திருத்த வேண்டிவரும்.

இப்படிக்கு,
குலவரலாறு தொகுக்கும் தன்னார்வலர்கள்