குழந்தைகள் காப்பகத்தின் பூட்டைத் திறந்துவிடுங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனி உரிமையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஓவர்லாக் மெஷினில் 9 ஆண்டுகளாகத் தைத்துவரும் தொழிலாளி நான். சென்ற வாரம், நம்மிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் ஆடிட்டுக்காக, எங்கள் கம்பெனியில் குழந்தைகள் காப்பக அறையைத் திறந்து, தொட்டிலைத் துடைத்து, அலுவலகத்தில் இருப்பவர்களின் பிள்ளைகள் இருவரை வரவழைத்து அதில் உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனதும் அறையைப் பூட்டிவிட்டார்கள். அந்தப் பூட்டைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

என் மகளுக்கு இப்போது 9 மாதம். 26 வார விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியதிலிருந்து பக்கத்துக் குடித்தனத்து அக்காதான் அவளைப் பார்த்துக்கொள்கிறார். மாமியார் தேனிப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். கணவர் சாயப்பட்டறைக்குப் போகிறார். காலை டீ நேரத்துக்குள் எனக்குப் பால் கட்டிக்கொள்ளும். கழிப்பறையில் நின்று அதைப் பீய்ச்சித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து மறுபடி மெஷினில் உட்காருகிறேன். அந்நேரத்தில் என் மகள் புட்டிப்பாலைத் துப்பிவிட்டு அழுதுகொண்டிருப்பாள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு சேரும்போது தூங்கிப்போயிருப்பாள். சென்ற மாதத்தைவிட எடை குறைந்திருக்கிறதே, தாய்ப்பால் கொடுப்பதில்லையா என்று செவிலியர் கேட்டபோது, பால் எங்கே போகிறது என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு 4 முறை அங்கே போய்வர விட வேண்டும் என்று 2017 ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் சொன்னது உங்களுக்குத் தெரியாததல்ல. அங்கன்வாடியில் 2 வயது நிரம்பிய பிள்ளைகளைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். அதுவரை எங்கள் குழந்தைகளை யார் பார்ப்பது? ஆள் கிடைக்கவில்லை என்று ஆண்டு முழுவதும் சொல்கிறீர்கள். தொழில் தெரிந்த எத்தனையோ பெண்கள் பிள்ளையை விட்டுவர இடமில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள். மகளிர் தினத்தில் கோலப்போட்டி வைத்து நீங்கள் கொடுக்கும் எவர்சில்வர் குடம் எங்களுக்கு வேண்டாம். அந்த அறையைத் திறந்தால் போதும்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிறிய கம்பெனிகள் நான்கைந்து சேர்ந்து ஒரே வீதியில் பொதுவாக ஒரு காப்பகம் நடத்தலாம். அறை ஏற்கெனவே இருக்கும் இடங்களில், பிள்ளை வளர்த்த அனுபவமுள்ள ஓர் ஆயாவை அமர்த்தி, வரும் திங்கட்கிழமை முதல் எங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வர அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பனியன் தொழிலாளி