கொள்கையா, சின்னமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் முடிவுகள் வெளியாகும்போதெல்லாம் ஏதேனும் ஒரு கொள்கை வென்றதாகவோ தோற்றதாகவோ எழுதப்படுவதைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை கொள்கையைவிடக் கட்சிப்பற்றின் கையே ஓங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

1999-இல் பாரதிய ஜனதாவுடன் சேர்ந்து நின்ற தி.மு.க. அணி மக்களவைத் தேர்தலில் 39 இடங்களில் 26-ஐப் பெற்றது. 2004-இல் அதே தி.மு.க. காங்கிரசையும் இடதுசாரிகளையும் சேர்த்துக்கொண்டு நின்றபோது 39 இடங்களும் அந்த அணிக்கே கிடைத்தன. கொள்கை பார்த்துத்தான் வாக்கு விழுகிறது என்றால், இவற்றுள் ஏதேனும் ஒரு முறையாவது உதயசூரியனின் வழக்கமான வாக்காளர்கள் முகம் திருப்பியிருக்க வேண்டாமா?

இதைவிடத் தெளிவான சான்று 1989. எம்.ஜி.ஆரின் மறைவுக்குப் பின் அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்து, இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்ற சனவரித் தேர்தலில், சேவலுக்கு 27 இடங்களே கிடைத்தன; ஜானகி ஆண்டிப்பட்டியில் தாமே தோற்றார்; தி.மு.க. 13 ஆண்டுகளுக்குப் பின் ஆட்சிக்கு வந்தது. இரண்டு அணிகளுக்கும் இடையே கொள்கை வேறுபாடு என்று சொல்ல எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. இரு மாதங்களுக்குள் கட்சி ஒன்றாகிச் சின்னமும் திரும்பியது. மார்ச்சில் மருங்காபுரியையும் மதுரை கிழக்கையும் இரட்டை இலை வென்றது. அந்த ஆண்டின் நவம்பரில் அ.தி.மு.க.-காங்கிரஸ் கூட்டணி 38 மக்களவைத் தொகுதிகளைப் பிடித்தது, ஆளுங்கட்சியான தி.மு.க.வுக்கு ஓர் இடமும் இல்லை. காங்கிரசின் பங்கை மறுக்கவில்லை. ஆனால் மார்ச் மாத முடிவுகளே போதிய அளவு பேசுகின்றன.

பற்று வானத்திலிருந்து விழுவதில்லை என்று நண்பர்கள் மறுப்பார்கள். 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தால் கட்சிக்குள் வந்தவர்களுக்குக் கொள்கைதான் வாசல் என்பது உண்மையே. ஆனால் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் அது வீட்டில் கிடைத்த சொத்து. காரணம் கேட்டால் மட்டும் கொள்கையைச் சொல்கிறார்கள். 1967-இலேயே அண்ணாவுடன் கைகோத்தது இராஜாஜியின் சுதந்திராக் கட்சி என்பதையும், மேடைகளில் எதிரொலித்தது ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதையும் மறக்க வேண்டாம்.

கட்சிப்பற்றும் விளக்காத ஒன்று உண்டு. 1980 சனவரியில் இரண்டே மக்களவைத் தொகுதிகளை வென்ற அ.தி.மு.க., ஆட்சி கலைக்கப்பட்ட பின் மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் 129 இடங்களை வென்றது. நான்கு மாதங்களில் கொள்கையும் மாறவில்லை, பற்றும் மாறியிருக்காது. எந்தக் கட்சிக்கும் எழுதிக்கொடுக்காத ஒரு கூட்டம் இடையில் நின்று முடிவைப் புரட்டியது.

ஆகவே அடுத்த தேர்தலுக்கான தொகுதி அலசல்களில், கூட்டணியின் மொத்த வாக்கோடு நிறுத்தாமல், ஒவ்வொரு கட்சியும் அத்தொகுதியில் தனித்து நின்ற காலத்தில் பெற்ற வாக்கையும் அருகில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
திண்டுக்கல்.